பொட்டு வைத்த நாலு டிஸ்க்

அக். 14, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்டூடியோ ஷட்டர் பாதிதான் ஏறியது. துரு. எண்ணெய் விட வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். வலங்கைமான் கல்யாண வீடியோ பாக்கி. எடுத்த பதிவெல்லாம் சேர்த்து வைக்கிற டிஸ்க் பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் கீ கீ என்று ஒரே கத்தல். நாலு விளக்கில் மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. கம்ப்யூட்டரில் பெட்டி இருப்பதாகவே காட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம், செய்யட்டுமா என்று. கை மவுஸில். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் சரி சரி என்று அழுத்துகிறவள் நான். இன்று எந்தச் சாமி கையைப் பிடித்ததோ, வேண்டாம் கொடுத்தேன்.

நாகப்பட்டினம் மரியதாஸுக்குப் போன். பெட்டியை நமக்கு வாங்கிக் கொடுத்து மாட்டிவிட்டவர் அவர்தான்.

"அக்கா, முதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. எதையாவது அழுத்துனீங்களா?"

"ஃபார்மேட் கேட்டுச்சு. வேண்டாம்னு குடுத்தேன்."

"பொழச்சீங்க. டிஸ்க்க யாராவது வெளிய எடுத்தாங்களா?"

இல்லையே என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பெட்டி நெற்றியில் சந்தனம், குங்குமம். முன் கதவைத் திறந்தால் உள்ளே நாலு டிஸ்க் முகத்திலும் தனித்தனியாகப் பொட்டு. கொழுக்கட்டை அளவு சந்தனம்.

பூஜைக்கு என் வீட்டுக்காரர் எடுத்துத் துடைத்திருக்கிறார். நான் அடுக்களையில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம்.

மரி. கேட்டது: "எது எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு நம்பர் எழுதி வச்சிருக்கீங்களா?"

எழுதவில்லை. மாட்டிய அன்றே எழுதச் சொன்னார். எட்டு வருஷமாக நாளைக்கு எழுதலாம்.

"மாத்தி மாத்திப் போட்டுப் பாக்காதீங்க அக்கா. நான் சரி பண்றேன்னு அதுவா எதையாவது எழுதித் தொலச்சிடும். சும்மா வைங்க."

சும்மா வைத்திருக்கிறேன்.

எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறு எங்கே. கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ கொடுத்தாயிற்று. வலங்கைமான் ஒன்றுதான் பாக்கி, அதுகூட கேமரா கார்டில் இன்னும் இருக்கிறது. ஆகவே பெட்டி போனால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு மட்டும்தான். கொடுத்த வீடியோ எதிலும் இவர் குரல் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்று இவர் பேசியதை எல்லாம் நான்தான் வெட்டி, மேலே மேளமும் பாட்டும் போட்டேன். வெட்டாதது பெட்டியில் இருக்கிற பழைய பதிவுகளில் மட்டும். தொண்டை ஆபரேஷனில் குரல் போய் இரண்டு வருஷம். வீட்டில் யார் போனிலும் இவர் குரல் இல்லை. போனில் பேசுகிற மனிதரை யார் பதிவு செய்து வைப்பார்கள்.

இது இவருக்குத் தெரியாது. பழசு பெட்டியில் இடத்தை அடைக்கிறது, அழித்துவிடு என்றுதான் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் வருத்தப்படுவாரோ என்று நானும் சொல்லவில்லை.

அக். 15, செவ்வாய்

மழை விட்டு வெயில். புழுக்கம். குறுவை அறுத்தவர்கள் நெல்லை ரோட்டில் காயவைக்க ஓடுகிறார்கள்.

சத்தம் போட்டுவிட்டேன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க? ஸ்கூட்டரத் துடைக்கிற மாதிரியா அது?"

அவர் சிலேட்டை எடுத்தார். பட்டனை அழுத்தினால் அழிகிற சிலேட்டு. எழுதினார்: *கேமரா, லைட் எல்லாத்துக்கும் வச்சேன். அதுக்கு மட்டும் வெளியே வச்சா போதுமா? உள்ளே இருக்கிறதுதானே வேலை செய்யுது.*

அழித்துவிட்டு: *பன்னீர் தொட்டுத் துடைச்சேன்.*

பன்னீர்.

"சந்தனம் ஏன் இவ்ளோ?"

*வாசம் வரல. பத்தலைன்னு நினைச்சேன்.*

கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விடுகிறவருக்கு மூக்கில் வாசம் ஏறாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். மறந்தே போனேன். குழைத்துக் குழைத்துப் பூசியிருக்கிறார், எப்போதாவது மணக்கும் என்று.

எந்த வரிசையில் திருப்பி வைத்தார் என்று கேட்டேன். விரலால் காற்றில் எண்ணிப் பார்த்தார். *தெரியல.* கொஞ்சம் கழித்து, *மன்னிச்சுக்க.* அதை அழிக்காமல் சிலேட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கீரை வாங்கப் போனார்.

பதில் பேச முடியாதவரிடம் சத்தம் போடுவது எவ்வளவு சுலபம். முன்பென்றால் ஒன்றுக்கு நாலு திருப்பிக் கொடுப்பார், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். இப்போது என் சத்தம் மட்டும் சுவரில் முட்டித் திரும்புகிறது.

பக்கத்துத் தையல் கடை நூர்ஜஹான் அக்கா எட்டிப் பார்த்தார். விஷயம் சொன்னேன்.

"அரிசி டப்பால போட்டு வை வசந்தி. எங்க வீட்டுல போன் தண்ணில விழுந்தா அப்படித்தான்."

டெல்டாவில் அரிசிக்கா பஞ்சம். ஆனால் இது போன் இல்லையே அக்கா என்றேன். "என்னமோ போ, எதுக்கும் ரெண்டு படி போட்டுப் பாரு" என்றார்.

கீரையோடு எனக்கு மல்லிகைப்பூவும் வாங்கி வந்திருக்கிறார். தலையில் வைத்துக்கொண்டேன்.

அக். 16, புதன்

கண்டுபிடித்தாயிற்று.

இவர் எந்த விசேஷத்தையும் சும்மா விடமாட்டார், தொழில் புத்தி. காலையில் அது ஞாபகம் வந்து இவர் போனை வாங்கித் துழாவினேன். ஆயுத பூஜை அன்று போனை ஸ்டாண்டில் நிறுத்தி முழுவதும் எடுத்து வைத்திருக்கிறார். பதினான்கு நிமிஷம். நாலு முறை பார்த்தேன்.

இடது ஓரத்து டிஸ்க்கை முதலில் உருவுகிறார். துடைக்கிறார், பொட்டு. பேப்பரில் வைக்கிறார். இரண்டாவது, அதன் மேல். மூன்றாவது, அதன் மேல். நாலாவது உச்சியில். சாப்பிட்ட தட்டு அடுக்குகிற மாதிரி. அப்புறம் மேலே இருப்பதை எடுத்து இடது ஓரத்திலிருந்து வரிசையாக உள்ளே தள்ளுகிறார்.

ஆக, தலைகீழ். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

இன்னும் உறுதியாக, பொட்டே சாட்சி. முதல் டிஸ்க்கில் சந்தனம் வழிகிறது. இரண்டாவதில் குங்குமம் கோணல். மூன்றாவதில் பெரிய வட்டம். நாலாவதுக்கு வரும்போது கிண்ணத்தில் தீர்ந்து ஒரு கீற்றுதான். பெட்டியைத் திறந்து பார்த்தேன், கீற்று இடது ஓரத்தில். வழிந்தது வலது ஓரத்தில். மார்க்கர் எடுத்து ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினேன். எட்டு வருஷ நாளை இன்று வந்தது.

மரி.யிடம் சொன்னதும் சிரித்தார். "பொட்ட வச்சு டிஸ்க்கக் கண்டுபிடிச்ச மொத ஆளு நீங்கதான் அக்கா. அந்தப் பொட்டுதான் தொல்லையும். நாளைக்கே எடுத்துட்டு வாங்க, சுத்தம் பண்ணாம கரண்ட் குடுக்க வேணாம்."

வீடியோ கடைசியில் ஒன்று. எல்லாம் வைத்து முடித்த பிறகு இவர் பெட்டி முன்னால் கைகூப்பி நிற்கிறார். உதடு அசைகிறது. ரொம்ப நேரம். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

அக். 17, வியாழன்

நாகப்பட்டினம். போக ஒரு பஸ், மயிலாடுதுறையில் மாறி இன்னொரு பஸ். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, மடியில்.

கண்டக்டர்: "பொட்டில என்னக்கா, கோழியா?"

"கல்யாணம்பா. நூத்தம்பது கல்யாணம்."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

வழி நெடுக ரோட்டில் பாதி நெல். பஸ் அதைத் தாண்ட ஒதுங்கும்போதெல்லாம் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மரி. கடை துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில். எதைத் தொட்டாலும் உப்புப் பிசுபிசுப்பு. டிஸ்க்கை ஒவ்வொன்றாக விளக்கில் காட்டினார்.

சந்தனம் கண்ட இடங்கள்: டிஸ்க் முகம் (சரி). பின்பக்கத்துப் பித்தளைப் பல் (தப்பு). பெட்டி உள்ளே பல் மாட்டும் இடம். காற்றாடி இறக்கை, மூன்றிலும்.

பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஒன்று, இரண்டு, நாலு பளிச். மூன்றில் பச்சை பூத்திருந்தது. பன்னீர். நானே கண்ணால் பார்த்தேன்.

சரியான வரிசையில் மாட்டி சுவிட்ச். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கத்தல் இல்லை. "அக்கா, வாங்க." மூன்று பச்சை. மூன்றாவது சிவப்பு. ஆனால் கம்ப்யூட்டரில் பெட்டி தெரிந்தது, உள்ளே ஊர் ஊராக ஃபோல்டர். குத்தாலம், திருவாரூர், வலங்கைமான். உட்கார ஸ்டூல் போட்டார் மரி.

"நாலு பேரு தூக்குற பல்லக்கு மாதிரி இது. ஒருத்தர் போயாச்சு, மூணு பேரு தாங்குறாங்க. அந்த மூணும் ஒரே நாள்ல வாங்கினது, ஒரே வயசு. இன்னொண்ணு சாஞ்சா அவ்ளோதான். அதனால மொதல்ல வேண்டியத வேற டிஸ்க்குக்கு எடுங்க. அப்புறம் புதுசு மாட்டலாம்."

எது வேண்டியது என்று கேட்டார். சொன்னேன். அவர் ரப்பர் தூளை ஊதிக்கொண்டே இருந்தார்.

"சுனாமிக்கு அப்புறம் எங்க வீட்ல எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட இல்லக்கா. அதான் இந்த வேலைக்கே வந்தேன்."

காப்பி எடுக்கத் தன்னுடைய பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் தந்தார். மாட்டப் புது டிஸ்க் ஒன்றும் எடுத்துவைத்தார். கிளம்பும்போது, "மூணாவதுக்கு வயசாயிடுச்சு, தானா போச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

வந்து அப்படியே சொன்னேன். இவர் என் முகத்தையே பார்த்தார். சிலேட்டில்: *உனக்குப் பொய் வராது.*

அக். 18, வெள்ளி

காலை பத்து மணிக்குக் காப்பி ஆரம்பம். பழைய வருஷத்திலிருந்து. கம்ப்யூட்டர் போடும் கணக்கு: நாளை மாலை வரை. நம்ப முடியாது, ஏறும் இறங்கும்.

செய்யக் கூடாதவை: பெட்டியைத் தொடக் கூடாது. மேஜையை இடிக்கக் கூடாது. அதே மேஜையில் பிரிண்டர் கூடாது.

மதியம் நூர்ஜஹான் அக்கா பேப்பரோடு வந்தார். நாளை குத்தாலத்தில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது, மாதாந்திரப் பராமரிப்பு. நாளைக்கா. மாதத்தில் முப்பது நாள் இருக்கும்போது.

மரி.: "நடுவுல டக்குனு நின்னா அந்த மூணுக்கும் ஆபத்துக்கா. நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணவும் வேணாம். ஒரே மூச்சுல முடிச்சிருங்க."

நம் இன்வெர்ட்டர் பேட்டரி வயசானது. இரண்டு ஃபேன், ஒரு லைட் என்றால் இரண்டு மணி நேரம். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன். சாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். சந்தனம் கிடையாது.

அக். 19, சனி

ஒன்பது அடித்து மூன்று நிமிஷத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. காப்பி நூற்றுக்கு அறுபத்தொன்று.

லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், வாசல் போர்டு எல்லாம் அணைத்தோம். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும். புழுக்கம் தாங்கவில்லை. பெட்டி தொட்டால் சுட்டது. சந்தனம் எடுத்த பிறகும் அதன் காற்றாடி மெதுவாகத்தான் சுற்றுகிறது.

இவர் பழைய ஆல்பம் அட்டை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். தனக்கில்லை, பெட்டிக்கு. கழுத்துத் துணி வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பதினொன்றே கால். இன்வெர்ட்டர் கீ என்றது. காப்பி எழுபத்தெட்டு. நான் தையல் கடைப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன்.

"அக்கா, உங்க இன்வெர்ட்டர்ல ஒரு வயர்…"

தீபாவளிக்குப் பத்து நாள்கூட முழுதாக இல்லை. அங்கே மூன்று மிஷினும் அதில்தான் ஓடுகின்றன. நூர்ஜஹான் அக்கா எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. மூன்று மிஷினையும் நிறுத்தினார், எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"கைத் தையலும் பட்டனும் நெறையக் கெடக்கு. அத உக்காந்து முடிக்கிறோம். நீ பாரு."

கம்ப்யூட்டரின் சின்ன யூபிஎஸ் ஒரு நிமிஷம் தாங்கும். அந்த ஒரு நிமிஷத்தில் ப்ளக்கை மாற்றினேன். முதல் தடவை ஓட்டையில் இறங்கவில்லை. இரண்டாவது தடவை இறங்கியது. விளக்கு மூன்றும் பச்சை.

பன்னிரண்டு மணி வாக்கில் இவர் திரையைப் பார்த்தார். விசிறிக்கொண்டே இடது கையால் சிலேட்டில் கிறுக்கினார்: *இது எல்லாம் வெட்டாத பழசு. ஃபைனல் காப்பிதானே எடுக்கணும்?*

இனி எங்கே ஒளிப்பது.

"உங்க குரல் அதுல மட்டும்தாங்க இருக்கு."

விசிறல் நின்றது.

"மத்த எதுலயும் இல்ல. எல்லாத்துலயும் நான் வெட்டிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தார், ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்க்கொண்டிருந்ததை. அப்புறம் விசிறல் திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

கழுத்துத் துணி மாற்றும்போது நான் கேட்டேன், "பூஜை அன்னைக்குப் பெட்டிகிட்ட என்னமோ சொன்னீங்களே, என்ன?"

*வசந்தி வேலை நிக்காம நடக்கணும்னு.* அழித்தார். *நான் பேசினது அதுக்குக் கேட்கல போல. நானே நிறுத்திட்டேன்.*

சிரித்துவிட்டேன். அவருக்கும் தோள் குலுங்கியது. அவர் இப்போது சிரிப்பது அப்படித்தான்.

இரண்டு ஐம்பது. நூறு. முடிந்தது என்று கட்டம் வந்தது. சரி என்று அழுத்தினேன்.

நூர்ஜஹான் அக்காவுக்கு வயரோடு ஒரு சொம்பு மோரும். "என்ன இருந்துச்சு அதுல, இந்தப் பாடு படுறீங்க?" என்றார். சொன்னேன். பட்டன் தைத்த ஊசி அப்படியே நின்றது. "அவரு 'பாட்டியம்மா, இங்க பாருங்க'ம்பாரே, என் நிக்காஹ்லகூட என் மாமியாரச் சொல்லிச் சிரிக்க வச்சாரு" என்றார். அந்த நிக்காஹ் பெட்டி வாங்குவதற்கு முன்னால். அது கிடைக்காது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அக். 20, ஞாயிறு

நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக.

புது டிஸ்க்கை மூன்றாவது ஓட்டையில் தள்ளினேன். விளக்கு பச்சை, சிவப்பு, பச்சை என்று கண் சிமிட்டியது. மற்ற மூன்றும் தங்களிடம் உள்ளதை வைத்து அதற்குச் சொல்லிக்கொடுக்கின்றன. நாளை வரை ஆகும். கரண்ட் நிற்கவில்லை.

பழைய மூன்றாவதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பெரிய வட்டப் பொட்டோடு சாமி அலமாரியில் வைத்தார் இவர். இருக்கட்டும்.

காப்பியில் ஒன்றைப் போடட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார். பேசும் மிஷின் ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், தொண்டையில் வைத்தால் வண்டு மாதிரி பேசும். ஒரே நாள் வைத்துப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டது. அன்று போலவே இன்றும் முகம்.

வற்புறுத்தக் கூடாது. இது எனக்காகக் காப்பாற்றியது. அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது.

பெட்டிக்கு இனிமேல்:
– மாதம் ஒரு முறை காற்றாடித் தூசி, பிரஷ் மட்டும்.
– நம்பர் மேல் டேப்.
– இரவல் டிஸ்க்கைத் திருப்பணும், அதற்கு முன் சொந்தமாக ஒன்று.
– அடுத்த பூஜைக்குப் பொட்டு வெளியே. உள்ளே இருப்பதற்கு ஒரு பூ போதும். (அவரே எழுதச் சொன்னது.)

அக். 21, திங்கள்

நாலும் பச்சை. காலை ஏழரைக்குப் பார்த்தேன். மரி.க்கு போட்டோ அனுப்பினேன், கைகூப்பிய படம் ஒன்று வந்தது.

வலங்கைமான் வேலை. மதியம் இரண்டு மணி வரை தலை நிமிரவில்லை. பின்னால் இரண்டு கைத்தட்டல், என்னைக் கூப்பிடுகிறார். திரும்பினால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சிலேட்டில்: *ஒண்ணே ஒண்ணு.*

எதை என்று தேடவில்லை. முதலில் கைக்கு வந்த ஃபோல்டர், குத்தாலத்தில் ஏதோ வளைகாப்பு. ஸ்பீக்கரைக் கொஞ்சமாக வைத்தேன். பெண்கள் கூட்டம், வளையல் சத்தம், யாரோ குழந்தை அழுகிறது. அதற்கு நடுவில், பக்கத்தில் நிற்கிறாற்போல:

"அத்த, தள்ளி நில்லுங்க, பொண்ணு மொகம் தெரியட்டும். ஆங். அந்தச் சிவப்புப் பொடவ யாரு, பல்லக் காட்டுனா பறிச்சிக்க மாட்டேன், சிரிங்க."

கூட்டம் சிரித்தது. இவர் அசையவில்லை. கை முழங்காலைப் பிடித்திருந்தது.

"வசந்தி, லைட்டக் கொஞ்சம் தூக்கு. இன்னும். போதும்."

வெளிச்சம் ஏறியது. அதைத் தூக்கியது நான்தான். படம் கொஞ்சம் ஆடியது, கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அணைக்க மறந்திருக்கிறார். திரையில் வெறும் தரை, கோலம், என் கால். குரல் மட்டும், தணிந்து, எனக்கு மட்டும்:

"சாப்பிட்டியா நீ?"

எத்தனை கல்யாணத்தில் இதைக் கேட்டிருப்பார். எத்தனை முறை இந்த இடத்தைத் தேவையில்லாதது என்று வெட்டியிருப்பேன். திரையில் நான் பதில் சொல்லவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன் போல. கால் நகர்ந்து போய்விட்டது. அதோடு கிளிப் முடிந்தது.

மணி இரண்டரை. திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லங்க. இன்னும் சாப்பிடல."

எழுந்து உள்ளே போனார். தட்டு எடுத்து வைக்கும் சத்தம். இரண்டு தட்டு.